பொட்டாசியத்துக்கு வாழைப்பழமா, பீன்ஸ் கறியா? டர்பன் வீடுகளுக்கு ஒரு கணக்கு

ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, பொட்டாசியம் உள்ள உணவாகப் பார்த்துச் சாப்பிடுங்கள் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம்மவர்கள் முதலில் செய்வது ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்குவது. என் மாமியாரும் அதைத்தான் செய்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதை மாற்றினால் அதிகம் கிடைக்கும், செலவு கையைக் கடிக்காது, சர்க்கரை ஏறாது, உப்பும் சேர்ந்து வராது என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் வாழைப்பழம் முதலிடத்துக்கு வராது. டர்பன் தமிழ் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து சமைத்து வரும் ஷுகர் பீன்ஸ் கறி, அதாவது புள்ளி போட்ட உலர் பீன்ஸ் விதைக் கறி, வரும். அதற்கு அடுத்தது கீரை. மூன்றாவது, கிடைக்கும் காலத்தில், மடும்பி, நம் ஊர்ச் சேப்பங்கிழங்குதான். ஏன் இந்த வரிசை என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3510 மி.கி. பொட்டாசியம் என்று சொன்னது. அமெரிக்காவில் 2019-ல் திருத்திய அளவு ஆண்களுக்கு 3400, பெண்களுக்கு 2600. வீட்டுக் கணக்குக்கு 3000-லிருந்து 3500 என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது சாதாரணமாக ஒரு நாளில் நாம் சாப்பிடுவதைக் கூட்டிப் பாருங்கள். காலையில் இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி: 100 மி.கி.கூடத் தேறாது. பால் விட்ட தேநீர் இரண்டு வேளை: 200 சொச்சம். மத்தியானம் மறுபடி ரொட்டி, நடுவில் டின் மீனோ சீஸோ. ராத்திரி ஒரு கப் சோறு, அதில் வெறும் 55. கோழிக்கறி 100 கிராம் என்றால் 250. கறியில் கிடக்கும் உருளைக்கிழங்கு இரண்டு துண்டு 300 அல்லது 350. வெங்காயம், தக்காளி எல்லாம் சேர்த்தாலும் 2000-ஐத் தொடுவதே கஷ்டம். வயிறு நிறையும், பொட்டாசியம் நிறையாது. காரணம் ரொட்டியும் வெள்ளைச் சோறும் மீலி மாவும் (சோள மாவு). தட்டின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வது இவைதான், இவற்றில் பொட்டாசியம் மிகக் குறைவு.

பற்றாக்குறை ஒரு பக்கம், உப்பு இன்னொரு பக்கம். பொட்டாசியம் போதிய அளவு உள்ளே போனால் சிறுநீரகம் சோடியத்தைக் கூடுதலாக வெளியே தள்ளும், ரத்தக் குழாய்ச் சுவர் சற்றுத் தளரும், அழுத்தம் இறங்கும். அதனால் ‘எதில் பொட்டாசியம் அதிகம்’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘அதோடு எவ்வளவு உப்பு வருகிறது’ என்றும் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு 2000 மி.கி. சோடியத்துக்குள் இருக்கச் சொல்கிறார்கள். அது 5 கிராம் உப்பு, ஒரு சின்ன தேக்கரண்டி. உப்பு மிகுந்த அச்சாறு, அதாவது ஊறுகாய், ஒரு கரண்டி வைத்துக்கொண்டு பொட்டாசியத்துக்கு வாழைப்பழம் தின்பதில் பாதி பலன் போய்விடுகிறது.

வரிசைக்குள் போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். கீழே நான் எழுதுவது எல்லாம் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு. நாம் தின்னும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது பலவீனமாக இருந்தால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பே குழம்பிப் போகும், பல பேருக்கு முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது. நம் சமூகத்தில் சர்க்கரை வியாதி எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பல வருடச் சர்க்கரை சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அரித்திருக்கலாம். அதனால் சர்க்கரை உள்ளவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள், கிளினிக்குக்குப் போகும்போது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும் ரத்தப் பொட்டாசியப் பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5-லிருந்து 5 மில்லிமோல் வரை பொட்டாசியம் இருந்தால் இயல்பு.

மாத்திரைகளையும் பாருங்கள். எனலப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும். ஸ்பைரோனோலாக்டோனும் அப்படித்தான். தண்ணீர் மாத்திரை என்று சொல்லும் ஹைட்ரோகுளோரோதயசைடு நேர் எதிர், பொட்டாசியத்தை இழக்க வைக்கும். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ரத்த அழுத்தம் இருந்தாலும் மாத்திரை வேறு என்றால் ஆலோசனையும் வேறு. அக்கம்பக்கத்தில் ஒருவருக்குச் சொன்னதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் மாமியாருக்கு எழுதிக் கொடுத்தது தண்ணீர் மாத்திரை, சிறுநீரகப் பரிசோதனையும் சரியாக இருந்தது. அதனால்தான் எங்கள் வீட்டில் இந்தக் கணக்கையே தொடங்கினோம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் இயல்பு என்று வந்தால், சாப்பாட்டில் போதிய அளவு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் உள்ள கொஞ்சத்தை உடம்பு எப்பாடுபட்டாவது ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். பரிசோதனை ஆபத்தைத்தான் காட்டும், சாப்பாட்டின் குறையைக் காட்டாது.

சரி, வாழைப்பழம். நடுத்தர அளவுப் பழம், தோல் நீக்கி 118 கிராம், சுமார் 420 மி.கி. பொட்டாசியம். சோடியம் கிட்டத்தட்ட இல்லை. உரித்தால் சாப்பிடலாம், பள்ளிப் பையில் போட்டுக் கொடுக்கலாம், கிழவர்களும் மெல்லலாம். குறை எங்கே என்றால், அதோடு 27 கிராம் மாவுச்சத்து வருகிறது, அதில் 14 கிராம் சர்க்கரை. பொட்டாசியத் தேவையில் பாதியை வாழைப்பழத்தால் நிரப்ப வேண்டுமானால் தினம் நான்கு பழம். சர்க்கரை உள்ளவருக்கு அது சரிப்படாது. ஆக, ஒரு பழம் சரி, அதை நம்பி மற்றதை விட்டுவிடுவது சரியில்லை. வாழைக்காயில் பொட்டாசியம் பழத்துக்குக் குறைவில்லை, சர்க்கரை குறைவு. தெற்குக் கரையோரத் தோட்டங்களிலிருந்து வரும் பச்சைக் காயை வாங்கிக் கறியாகச் செய்தால், சர்க்கரை உள்ளவருக்கு அது பழத்தைவிட நல்ல தேர்வு.

இனி ஷுகர் பீன்ஸ். உலர்ந்த பீன்ஸை வேகவைத்தால் ஒரு கப்பில், அதாவது சுமார் 175 கிராமில், ஏறத்தாழ 680 மி.கி. பொட்டாசியம். பெரிய வெள்ளை மொச்சை வகை, பட்டர் பீன்ஸ் என்று விற்பது, இன்னும் கூடுதல்: ஒரு கப்பில் 950. மைசூர்ப் பருப்பு வகை ஒரு கப்பில் 730, பட்டாணிப் பருப்பு 700. இவை எதிலும் இயற்கையாகச் சோடியம் கிடையாது என்றே சொல்லலாம். மாவுச்சத்து இருக்கிறது, ஆனால் நார்ச்சத்தோடு சேர்ந்து இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். கூடவே புரதம். இறைச்சி வாங்கும் செலவும் அந்த வேளைக்கு மிச்சம்.

விலைக் கணக்கை நீங்களே கடையில் வைத்துப் போடலாம். ஒரு கிலோ உலர் பீன்ஸ் வெந்தால் இரண்டேகால், இரண்டரை கிலோவாகப் பெருகும். அதில் வரும் மொத்தப் பொட்டாசியம் 9000 மி.கி.க்கு மேல். அதே அளவு வாழைப்பழத்திலிருந்து வேண்டுமென்றால் தோலோடு நான்கு கிலோ வாங்க வேண்டும். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது ஒரு கிலோ பீன்ஸ் பாக்கெட்டின் விலையையும் நான்கு கிலோ வாழைப்பழத்தின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழம் ஒரு வாரத்தில் கறுத்துவிடும், பீன்ஸ் மாதக்கணக்கில் டப்பாவில் கிடக்கும்.

பீன்ஸ் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணம் இரண்டு: வாயு, நேரம். முன்னிரவே நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். வாயு பெரிதும் குறையும். கொட்டும் தண்ணீரோடு கொஞ்சம் பொட்டாசியமும் போகும், போகட்டும். ஆனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டவே கூடாது, பொட்டாசியம் கரைந்து நிற்பது அதில்தான். அதனால் பீன்ஸ் மூழ்கி ஒரு விரற்கடை மேலே நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் குக்கரில் வையுங்கள். தக்காளியை முதலிலேயே போடாதீர்கள், புளிப்பு பட்டால் தோல் இறுகி வேக நேரமாகும். பீன்ஸ் மசிந்த பிறகு வெங்காயம், கறிவேப்பிலை, மிளகாய்த்தூள் மசாலா தாளித்து, தக்காளி வதங்கியதும் பீன்ஸை அதன் தண்ணீரோடு சேருங்கள். கரண்டியால் ஒரு பிடி பீன்ஸைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து நசுக்கிவிட்டால் குழம்பு தானாகக் கெட்டிப்படும். கடைசியில் இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி தாராளமாகப் போட்டால் உப்பைக் குறைத்தது நாக்குக்குத் தெரியாது. பழைய பீன்ஸ் வேகவில்லை என்று சோடா உப்பு போடுகிறவர்கள் உண்டு. சோடா உப்பும் சோடியம்தான். அதற்குப் பதில் இன்னும் பத்து நிமிடம் கூட வைக்கலாம். மெதுவாக வேகும் மின்பானையில் வைப்பவர்கள், முதலில் அடுப்பில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு அப்புறம் மாற்றுங்கள். அரைவேக்காட்டுப் பீன்ஸ் வயிற்றைப் புரட்டிவிடும்.

பச்சைக் காயாக உரித்துச் சமைக்கும் கட்ரா பீன்ஸ் சந்தைக்கு வரும் காலத்தில் இந்த வேலையும் இல்லை. ஊறவைக்க வேண்டாம், சீக்கிரம் வேகும். வார்விக் பகுதியில் 1934 முதல் இயங்கிவரும் எர்லி மார்னிங் மார்க்கெட்டிலும் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டிலும் கிடைக்கும்போது கூடுதலாக வாங்கி, உரித்துக் குளிர்பெட்டியில் உறைய வைத்துக்கொள்ளலாம். டின் பீன்ஸ் அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் உப்புத் தண்ணீரில் இருப்பதை வடித்துக் கழுவினால் உப்போடு பொட்டாசியமும் குறையும். தக்காளிச் சாஸில் வரும் டின் பீன்ஸில் உப்பும் சர்க்கரையும் சேர்த்தே இருக்கும், டப்பா மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பீன்ஸ் கறி என்றதும் ‘பன்னி சௌ வாங்கிச் சாப்பிட்டால் ஆயிற்று’ என்று என் கொழுந்தனார் சொன்னார். முழு ரொட்டியில் கால் பங்கோ பாதியோ வெட்டி, நடுவில் குடைந்து கறியை நிரப்பித் தரும் டர்பன் கடைச் சாப்பாடுதான் பன்னி சௌ, சுருக்கமாகப் பன்னி. பீன்ஸ் பன்னி, மட்டன் பன்னியைவிட நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரொட்டியை மறந்துவிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் ரொட்டியில் இவ்வளவுதான் உப்பு இருக்கலாம் என்று சட்டமே இருக்கிறது. 2016-ல் 100 கிராமுக்கு 400 மி.கி. சோடியம் என்று தொடங்கி, 2019-ல் 380-ஆகக் குறைத்தார்கள். உலகத்தில் பல நாடுகள் செய்யாததை இந்த நாடு செய்திருக்கிறது. அப்படிக் குறைத்த பிறகும் 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு என்றால் 175 கிராம், அதில் 660 மி.கி. சோடியம்வரை இருக்கலாம். ஒரு நாள் அளவில் மூன்றில் ஒரு பங்கு, கறியில் போட்ட உப்பு கணக்கில் வராமலே. அதே பீன்ஸைச் சோற்றோடு சாப்பிட்டால் சோற்றிலிருந்து வரும் உப்பு, நாம் போட்டால்தான். பன்னி என்றைக்காவது ஒரு நாள் இருக்கட்டும், வாரம் இரண்டு நாள் பீன்ஸ் சோற்றோடோ இரண்டு துண்டு ரொட்டியோடோ வரட்டும்.

கிழங்குகள் பொட்டாசியத்தில் யாருக்கும் சளைத்தவை அல்ல. தோலோடு சுட்ட நடுத்தர உருளைக்கிழங்கு ஒன்றில் 900 மி.கி.க்கு மேல், இரண்டு வாழைப்பழத்துக்கும் கூட. வெந்த மடும்பி 100 கிராமில் 480. தோலோடு சுட்ட சர்க்கரைவள்ளி 100 கிராமில் 475. அப்படியானால் இவை ஏன் முதலில் வரவில்லை? நாம் சாப்பிடும் விதம்தான் காரணம். சோறும் உருளைக்கிழங்கும், ரொட்டியும் உருளைக்கிழங்கும் என்று மாவுக்கு மேல் மாவு போடுகிறோம். சர்க்கரை உள்ள வீட்டில் இது நல்லதில்லை. சோற்றுக்குப் பதிலாக, ரொட்டிக்குப் பதிலாக கிழங்கு என்றால் அது வேறு கதை. மார்ச், ஏப்ரல் வாக்கில் சாலையோரம் பெண்கள் மடும்பியைக் குவித்து விற்கும் காலத்தில், ராத்திரிச் சாப்பாட்டை ஒரு கிண்ணம் அவித்த மடும்பியும் மிளகுத்தூளுமாக முடித்துக்கொள்வது மிக நல்ல வழி. தோலோடு அவித்து, சூட்டோடு உரித்தால் பொட்டாசியம் தண்ணீரில் அதிகம் இறங்காது. நன்றாக வேக வேண்டும், இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும். உருளைக்கிழங்கைத் தோல் சீவித் துண்டு போட்டு, கொதிக்கவைத்து, தண்ணீரை வடித்துவிடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். அதையே கறிக்குள் போட்டு வேகவிட்டால் இறங்குவதெல்லாம் குழம்பிலேயே நிற்கும். சிப்ஸ் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, பொட்டாசியத்தைவிட உப்பும் எண்ணெயும் முந்திக்கொள்ளும்.

பட்டர்நட் பூசணி சுட்டால் 100 கிராமில் 280. கிழங்கைவிட மாவு குறைவு, குழந்தைகளும் சாப்பிடும்.

அடுத்தது கீரை. 100 கிராமுக்கு எவ்வளவு என்று மட்டும் கணக்கெடுத்தால் கீரைதான் முன்னால் நிற்கும். சூப்பர் மார்க்கெட்டில் ஸ்பினாச் என்று கட்டுக் கட்டாக விற்பது பெரும்பாலும் சுவிஸ் சார்ட் என்ற வேறொரு கீரை. வெந்ததில் 100 கிராமுக்கு 550 மி.கி. தண்டுக்கீரை வகை, ரெட் ஹெர்ப்ஸ், கிரீன் ஹெர்ப்ஸ் என்று சந்தையில் கிடைப்பது, 640. முருங்கைக்கீரை 340, பூசணி இலை 440. மாவு கிட்டத்தட்ட இல்லை, விலையும் குறைவு. சர்க்கரை உள்ளவருக்கு இதைவிட நல்லது எதுவும் கிடையாது.

அப்படியும் நான் இதை இரண்டாவதாகத்தான் வைக்கிறேன். கை நிறையக் கட்டு வாங்கினாலும் வதக்கினால் ஒரு சின்னக் கிண்ணமாகச் சுருங்கிவிடும், அதை நான்கு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு இரண்டு கரண்டிதான். உடனே ஆய்ந்து சமைக்க வேண்டும், வேலைக்குப் போய்வரும் நாளில் அது நடக்காது. பீன்ஸ் ஞாயிற்றுக்கிழமை ஒரு பானை வைத்தால் புதன்வரை வரும். கீரைக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் வாரம் மூன்று நாளாவது ஆளுக்கு அரைக் கிண்ணம் வெந்த கீரை கிடைக்கிற மாதிரி வாங்குங்கள், ஒவ்வொரு தடவையும் 400-க்கு மேல் சேரும். வேகவைத்துப் பிழிந்து தண்ணீரைக் கொட்டாதீர்கள். கழுவிய ஈரத்திலேயே மூடி வதக்கினால் போதும். சுவிஸ் சார்டில் இயற்கையாகவே கொஞ்சம் சோடியம் உண்டு, பாதி உப்பு போட்டாலே சரியாக இருக்கும். பருப்போடு சேர்த்துக் கடைந்தால் இரண்டு வகைப் பொட்டாசியமும் ஒரே கிண்ணத்தில். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் சார்டையும் தண்டுக்கீரையையும் அளவாகச் சாப்பிட வேண்டும், இரண்டிலும் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட் அதிகம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரை அளவைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

மற்றவை விரைவாக. கொல்லையில் அவகாடோ மரம் இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பாதிப் பழத்தில் 480 மி.கி., சர்க்கரை இல்லை என்றே சொல்லலாம். விலை கொடுத்து வாங்குவதானால் பருவத்தில் மட்டும் வாங்குங்கள். கொய்யா 100 கிராமில் 417, வாழைப்பழத்தைவிட அதிகம், சர்க்கரை குறைவு. நம்மில் பலர் இதை நினைப்பதே இல்லை. பப்பாளியும் ஆரஞ்சும் அதில் பாதிகூட வராது. அமாசி, நாம் தயிருக்குப் பதில் பயன்படுத்தும் புளித்த பால், ஒரு பெரிய கோப்பையில் 350 அளவுக்கு வரும். ஆடி மாதக் கூழுக்கு மட்டும் வாங்கி நிறுத்தாமல், மத்தியானத்தில் மோராக விட்டுக் குடிக்கலாம். தேங்காய்த் தண்ணீர் ஒரு கோப்பையில் 600 வரை உண்டு, ஆனால் பாக்கெட்டில் வாங்கினால் விலை அதிகம், வகைக்கு வகை அளவு மாறும். கோயில் அர்ச்சனைக்கு உடைத்த தேங்காயின் தண்ணீரை வீணாக்காமல் குடியுங்கள், காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

இனி, சாப்பாட்டை மாற்றாமல் குறுக்கு வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு. பொட்டாசியம் மாத்திரை இருக்கிறது. 600 மி.கி. என்று எழுதியிருக்கும் பொட்டாசியம் குளோரைடு மாத்திரையில் உண்மையில் பொட்டாசியம் 315 மி.கி. அளவுதான், ஒரு வாழைப்பழத்துக்கும் குறைவு. மருத்துவர் குறிப்பிட்ட காரணத்துக்காக எழுதிக் கொடுத்தால் எடுக்க வேண்டியதுதான். நாமாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வது வேண்டவே வேண்டாம். சத்துக்கு என்று போடுவதில் லாபமும் இல்லை, ஆபத்தும் உண்டு.

குறை சோடியம் உப்பு என்பது வேறு. சாதாரண உப்பில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்தது. இது வேலை செய்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சீனாவின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. 75 பங்கு சாதாரண உப்பும் 25 பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்ததைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2025 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனமும் வீட்டில் போடும் உப்புக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் விலக்கு. ஒரே அடுப்பில் எல்லோருக்கும் சமைக்கும் நம் வீடுகளில் அந்த விலக்கு லேசான விஷயம் இல்லை. யார் வந்து சாப்பிடுவார்கள், அவர்கள் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. வீட்டில் எல்லோருடைய பரிசோதனையும் சரியாக இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் சாதாரண உப்பையே குறைத்துப் போடுவது பாதுகாப்பு.

இதெல்லாம் சேர்த்து எங்கள் வீட்டில் இப்போது வாரம் இப்படிப் போகிறது: இரண்டு நாள் பீன்ஸ் அல்லது பட்டர் பீன்ஸ், இரண்டு நாள் கெட்டியான பருப்பு, மூன்று நாள் கீரை, தினம் ஒரு பழம், மத்தியானம் அமாசி. இறைச்சியை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்து அதிலும் உருளைக்கிழங்கைப் போடுகிறோம். வாழைப்பழம் 420, பீன்ஸ் ஒரு கப் 680, கீரை அரைக் கிண்ணம் 400, அமாசி 350, கிழங்கு 350, தேநீர் 200, சோறு, ரொட்டி, தக்காளி, வெங்காயம் சேர்த்து ஒரு 400 என்று கூட்டினால் 2800 வருகிறது, மீனோ கோழியோ சேர்ந்தால் 3000 தாண்டுகிறது. “ஏம்மா, இது புரட்டாசிச் சாப்பாடு மாதிரியே இருக்கே” என்றார் மாமியார். உண்மைதான் அத்தை என்றேன். புரட்டாசியில் ஒரு மாதம் முழுக்க இந்த ஊரே மீன், இறைச்சி இல்லாமல் பீன்ஸும் பருப்பும் கீரையும் சமைக்கிறது. கையும் நாக்கும் பழகிய சமையல் என்பதால்தான் இந்த மாற்றத்தை நான் நம்புகிறேன். யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, அந்த மாதம் வாங்குவதில் பாதியை மற்ற மாதங்களிலும் வாங்கினால் போதும்.

ஒரே வீட்டில் ஒருவருக்குப் பொட்டாசியம் கூட வேண்டும், இன்னொருவருக்குக் குறைய வேண்டும் என்றால் என்ன செய்வது? எங்கள் வீட்டுக்கு அடிக்கடி சாப்பிட வரும் பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் பலவீனம், பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு மேலே சொன்னதை எல்லாம் தலைகீழாகச் செய்ய வேண்டும். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, தனிப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அப்படிச் செய்தால் பொட்டாசியம் ஏறக்குறைய பாதியாகக் குறையும், துண்டு சின்னதாக இருந்தால் இன்னும் அதிகம் இறங்கும். வெறுமனே தண்ணீரில் ஊறவைத்தால் போதாது, கொதிக்க வேண்டும். அப்புறம் அதைத் தாளித்துக் கொடுக்கலாம். பீன்ஸ் கறியின் குழம்பு அவருக்கு வேண்டாம், எந்த அளவுக்குப் பீன்ஸ் சாப்பிடலாம் என்பதை அவருடைய உணவியல் நிபுணர்தான் சொல்ல வேண்டும். அவர் வரும் நாளில் முட்டைக்கோஸ் பொரியலும் வெள்ளைச் சோறும் கொஞ்சம் கோழியும் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். குறை சோடியம் உப்பை வாங்கவில்லை, காரணமும் அவர்தான்.